மரடோனாவைத் தாண்டிய ஸ்லோவாக்கியர்!

மரடோனாவின் சாதனையை ஒருவர் முறியடித்தால் அவர் பெயர் உலகத்துக்கே தெரிந்திருக்க வேண்டும்தானே? மாரெக் ஹாம்ஷிக் என்றால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஸ்லோவாக்கியாவில் 1987-ல் பிறந்தவர் ஹாம்ஷிக். 2007-ல் இத்தாலியின் நாப்போலி கிளப்பில் சேர்ந்தபோது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. திவாலாகி, மூன்றாவது டிவிஷன் வரை சரிந்து, அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு மீண்டிருந்த அணி அது. நடுவில் சேவல் கொண்டை போல நிமிர்ந்து நிற்கும் தலைமுடியோடு வந்த இந்தப் பையனை நேப்பிள்ஸ் நகரம் சுவீகரித்துக்கொண்டது. அந்த ஊர்க் கடற்கரைப் பகுதி ஒன்றின் பெயர் மரேகியாரோ. அதோடு 'மாரெக்'கைச் சேர்த்து அவருக்குச் செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள்!

அந்த அன்புக்கு 2010-ல் ஒரு சோதனை. தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையில் நடப்புச் சாம்பியன் இத்தாலியை 3-2 என வீழ்த்தி வீட்டுக்கு அனுப்பியது ஸ்லோவாக்கியா. அதன் கேப்டன் ஹாம்ஷிக்! எதிரணியில் கோல் போட்டவர்களில் ஒருவரான குவாலியரெல்லா, அவருடைய நாப்போலி சகா. ஆனாலும் நேப்பிள்ஸ் அவரைக் கைவிடவில்லை.

அவரும் நேப்பிள்ஸைக் கைவிடவில்லை. 2016-ல் இஹுவாயின் 9 கோடி யூரோவுக்குப் பரம வைரி யுவென்டஸுக்குப் போனபோது, ரசிகர்கள் 'துரோகி' என்று கொதித்தார்கள். ஹாம்ஷிக்கோ 12 சீசன், 520 ஆட்டங்கள் என அங்கேயே இருந்தார். 2017 டிசம்பரில் மரடோனாவின் 115 கோல்களைத் தாண்டினார், 121-ல் நிறுத்தினார். பிறகு மெர்டென்ஸ் அதையும் கடந்துவிட்டார், அது வேறு கதை.

அதற்காக மரடோனாவுக்குச் சமமாக அவரை யாரும் வைக்கவில்லை. மரடோனா இரண்டு முறை லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தவர். ஹாம்ஷிக் கையில் இத்தாலியக் கோப்பை உண்டு, லீக் பட்டம் இல்லை. என்னைக் கேட்டால், அவர் மேல் வந்த பாசத்துக்குக் கோல் கணக்கைவிட, போகாமல் இருந்ததே பெரிய காரணம்.

சொந்த நாட்டில்? ஆண்டின் சிறந்த கால்பந்து வீரர் விருது 8 முறை. தேசிய அணிக்காக அதிக ஆட்டங்கள், அதிக கோல்கள் இரண்டும் அவர் பெயரில்தான். ஆனால் ஸ்லோவாக்கியர்களின் உயிர் ஐஸ் ஹாக்கியில் இருக்கிறது. 2002-ல் அதில் உலகச் சாம்பியனே ஆனவர்கள். சுமார் 54 லட்சம் பேர் கொண்ட நாட்டில் ஸ்டெனோ ஹாரா, மரியான் ஹோஸா போன்ற ஹாக்கி ஜாம்பவான்களுக்கு நடுவே ஒரு கால்பந்துக்காரர் இந்த அளவு கொண்டாடப்பட்டதே பெரிய விஷயம்.

2019-ல் சீனாவுக்குக் கிளம்பினார். அங்கிருந்து ஸ்வீடன், பிறகு துருக்கி. அங்கே டிராப்ஸான்ஸ்போர் அணி 38 வருடம் காத்திருந்து 2022-ல் லீக் பட்டம் வென்றபோது அவரும் அதில் இருந்தார்.

அடுத்த வருடமே நாப்போலியின் 33 வருடக் காத்திருப்பும் முடிந்தது. அந்தச் சாம்பியன் அணியின் நடுக்களத்தில் ஆடியவர் ஒரு ஸ்லோவாக்கியர். பெயர், ஸ்டானிஸ்லாவ் லோபோட்கா.