பாரம் ஏற்றாமல் ஓட்டிப் பார்த்த வண்டி

அமெரிக்காவின் சிற்றூர்ப் பக்கங்களில் பிக்கப் டிரக் விசுவாசம் பரம்பரையாக வருவது. அப்பா ஃபோர்டு ஓட்டியிருந்தால் மகனும் ஃபோர்டுதான் வாங்குவார். எதிர்வீட்டுத் தாத்தா செவ்ரோலெட் என்றால் பேத்திக்கும் செவ்ரோலெட். மாமனார் ராம் கட்சியாக இருந்துவிட்டால் பண்டிகைச் சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு முழுக்க வாக்குவாதம்தான். இந்தப் பற்றுக்கு வயது நூறு. மாடல் டி காரின் பின்னால் சரக்குத் தொட்டி ஒன்றைப் பொருத்தி, 1925-ல் ஃபோர்டு கம்பெனி 281 டாலருக்கு விற்றது. அங்கே தொடங்கியது. அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964 முதல் வெளிநாட்டு இலகு டிரக்குகளுக்கு 25 சதவீத இறக்குமதி வரியை அமெரிக்கா விதித்தது. அதனால் போட்டியும் பெரும்பாலும் உள்ளூர்க் கம்பெனிகளுக்குள்ளேயே நின்றது.

இப்படி ஊறிப்போன ஒருவர்கூட சில சமயம் எதிர்க் கம்பெனி வண்டியை ஒரே ஒரு கால்மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மனம் மாறிவிடுகிறார். விலைப்பட்டியல், விளம்பரம், நண்பர்களின் வாதம் எதற்கும் அசையாதவரை ஒரு டெஸ்ட் டிரைவ் அசைத்துவிடுகிறது. இதைப் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கால்மணி நேரத்தில் அவருடைய உடம்பு செய்யும் அளவீடு பிரமிக்க வைக்கும் அளவுக்கு நுட்பமானது. ஆனால் அது எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நன்கு தெரிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2011 மாடல் எஃப்-150 டிரக்கில் ஃபோர்டு ஒரு துணிச்சலான காரியம் செய்தது. டிரக் என்றால் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின்தான் என்று நம்பிய மக்களிடம், ஆறே சிலிண்டர் கொண்ட 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதில் இரண்டு டர்போசார்ஜர்கள். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழன்று, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். அதே வண்டியில் 5 லிட்டர் வி8 எஞ்சினும் கிடைத்தது. குதிரைசக்தியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது: டர்போவுக்கு 365, வி8-க்கு 360. வித்தியாசம் இழுவையில்தான். டார்க் எனப்படும் முறுக்குவிசை வி8 எஞ்சினில் சுமார் 515 நியூட்டன் மீட்டர். அந்த உச்சத்தைத் தொட எஞ்சின் 4,250 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை கதற வேண்டும். டர்போவில் அது சுமார் 570 நியூட்டன் மீட்டர். 2,500 ஆர்பிஎம்மிலேயே கைக்கு வந்துவிடும்.

ஷோரூமைச் சுற்றிய தெருக்களில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஓட்டத்தில், எஞ்சின் பெரும்பாலும் 1,500-க்கும் 2,500-க்கும் இடையில்தான் சுற்றும். டர்போ எஞ்சினின் பலமே அந்த இடம். வி8 அங்கே இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் முதுகு சீட்டில் அழுந்துகிறது. வி8 விசுவாசிக்கு அந்த நொடியில் ஏதோ ஒன்று உடைந்துபோகிறது.

அந்த அழுத்தத்தை முதுகுத் தோல் மட்டும் உணர்வதில்லை. காதுக்கு உள்ளே, மண்டையோட்டிலேயே மிகக் கடினமான எலும்புக்குள், யூட்ரிக்கிள், சாக்யூல் என்று இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் நுண்ணிய மயிரிழைகளைத் தாங்கிய செல்கள் வரிசையாக நிற்கின்றன. இழைகளின் மேல் கூழ் போன்ற ஒரு படலம். படலத்தின் மேல் ஆயிரக்கணக்கான கால்சியம் கார்பனேட் படிகங்கள். சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான். வண்டி முன்னோக்கிப் பாயும்போது தலையும் கூடவே பாய்கிறது. சுற்றியுள்ள திரவத்தைவிடக் கனமான அந்தப் படிகங்கள் மட்டும் ஒரு கணம் பின்தங்குகின்றன. படலம் வழுக்குகிறது, இழைகள் சாய்கின்றன, செல்லின் வாசல்கள் திறந்து மின்னூட்டம் உள்ளே பாய்கிறது. வாசல் திறக்க நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் சுண்ணாம்பால் ஆன ஒரு முடுக்கமானி இருக்கிறது, நாம் பிறக்கும்போதே வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் இந்தக் கருவிக்கு வேகம் தெரியாது. வேகம் மாறுவது மட்டுமே தெரியும். மணிக்கு 900 கிலோமீட்டரில் சீராகப் பறக்கும் விமானத்தில் கண்ணை மூடினால் நிற்பதுபோலத்தான் இருக்கும். இன்னொரு குறையும் உண்டு. முன்னோக்கிப் பாய்வதற்கும் பின்னோக்கிச் சாய்வதற்கும் அந்தப் படிகங்களுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டிலும் அவை ஒரே பக்கம்தான் நகரும். இருட்டில் விமானத்தை மேலே கிளப்பும் விமானிக்கு, மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான். அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்தியதால் விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. உடம்பை நம்பாதே, எதிரே இருக்கும் கருவியை நம்பு என்றுதான் விமானிகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

வேகமாற்றம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது எவ்வளவு திடீரென்று வருகிறது என்பதே மனதில் பதிகிறது. எஞ்சினியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்றைய வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடல் எவ்வளவு அழுந்தியது என்பதை ஒரு சென்சார் படித்துக் கணினியிடம் சொல்கிறது. எவ்வளவு காற்றை விடலாம் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. பெடல் கால்வாசி இறங்கியதுமே பாதி சக்தியைக் கொடுக்கும்படி நிரல் எழுதிவிட்டால், வண்டி துள்ளுவதுபோல் இருக்கும். முழுசாக மிதித்தால் கிடைக்கும் சக்தி அதேதான். ஒலியும் அப்படியே. தேவையில்லாத இரைச்சலை மைக்ரோஃபோன் கேட்டு, அதற்கு நேரெதிர் அலையை ஸ்பீக்கர் வழியே அனுப்பி அழிக்கும் ஏற்பாடு பல டிரக்குகளில் உண்டு. எஞ்சினின் உறுமலை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கொடுப்பதும் நடக்கிறது.

இதெல்லாம் முதல் ஐந்து நிமிடக் கதை. மனமாற்றத்தை உறுதி செய்வது பெரும்பாலும் அடுத்துவரும் மேடுபள்ளம்.

லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களுக்குப் பின் அச்சின் மேல் அடுக்கடுக்காகத் தெரியும் எஃகுப் பட்டைகள் நினைவிருக்கும். நம் ஊர்க் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பார்கள். அவ்வளவு உறுதியான எஃகு. பெரும்பாலான பிக்கப் டிரக்குகளின் பின்பக்கமும் இந்தப் பட்டை ஸ்பிரிங்தான். அது ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது. பாரத்தைத் தாங்குகிறது. அச்சு முன்பின் நகராமல் பிடித்துக்கொள்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் துள்ளலையும் கொஞ்சம் அடக்குகிறது. அந்த உரசல்தான் வம்பும். சின்னச் சின்னக் குழிகளில் பட்டைகள் உரசலை மீறி நகர்வதில்லை. ஸ்பிரிங் பூட்டிக்கொண்டதுபோல் ஆகி, அதிர்வு நேராக முதுகெலும்புக்கு வந்துவிடுகிறது.

2009 மாடல் ராம் 1500 டிரக்கில் பட்டைகளை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். சுருளுக்குப் பாரம் தாங்கும் வேலை மட்டும்தான். அச்சைப் பிடித்துக்கொள்ளத் தனியாக ஐந்து இணைப்புக் கம்பிகள். பட்டை ஸ்பிரிங்கிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அதில் ஏறி ஒரு ரயில்வே கேட்டைத் தாண்டினால், இது டிரக்தானா என்று கேட்பார். 2022-ல் டொயோட்டா டண்ட்ராவும் சுருளுக்கு மாறியது.

ஸ்பிரிங் மேல் நிற்கும் எந்தப் பொருளுக்கும் சொந்தமாக ஒரு துள்ளல் வேகம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: வண்டியின் எடையால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்று பாருங்கள், அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுங்கள். 25 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் நொடிக்கு ஒரு துள்ளல், இதமான பயணம். 10 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு 1.6, கொஞ்சம் முரட்டுத்தனம். நொடிக்கு அரைத் துள்ளலுக்கும் கீழே போனால் கப்பலில் வருவதுபோல் குமட்டும். மேலே போகப்போக வேறு தொல்லை: நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வில்தான் வயிறும் முதுகெலும்பும் தாங்களே சேர்ந்து ஆடத் தொடங்குகின்றன. மனித உடலில் அதிர்வை அளக்கும் பன்னாட்டுத் தரவிதியும், செங்குத்து அதிர்வில் இந்த எல்லைக்குத்தான் அதிக முக்கியத்துவம் தருகிறது.

எந்தத் துள்ளல் இதமானது என்பதைக் கண்டறிந்த கதையிலும் உடம்புதான் கருவி. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த ஆங்கிலேய எஞ்சினியர் மாரிஸ் ஆலி, 1930-ல் அமெரிக்காவின் காடிலாக்குக்கு வந்தார். 1932-ல் ஏழு பேர் உட்காரும் ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டார். எடையை மாற்றி, ஸ்பிரிங்கை மாற்றி, திரும்பத் திரும்ப ஓட்டி, உள்ளே இருப்பவர்களுக்கு எது இதமாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். முன்சக்கரம் பள்ளத்தை முதலில் சந்திக்கிறது. பின்சக்கரம் சற்றுத் தாமதமாக. பின்பக்கம் கொஞ்சம் வேகமாகத் துள்ளினால் முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து ஒன்றாக ஏறி இறங்கும்போது தலை முன்னும் பின்னும் ஆடாது. உலகத்தின் பல கார்கள் அதற்குப் பிறகு இந்த விதியைப் பின்பற்றி வடிவமைக்கப்பட்டன.

காரில் இந்த விதி ஒழுங்காக வேலை செய்யும். பிக்கப் டிரக்கில்தான் சிக்கல், ஏனென்றால் அதன் பின்பக்க எடை ஒரே அளவில் நிற்பதில்லை. காலி வண்டியின் பின் ஸ்பிரிங் மேல் 700 கிலோ இருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தொட்டியில் இன்னொரு 700 கிலோ சிமென்ட் மூட்டையை ஏற்றினால் எடை இரட்டிப்பு. நொடிக்கு 1.6 என்றிருந்த துள்ளல் 1.1-க்கு இறங்கும். ஆள் நிரம்பிய டவுன் பஸ் மெத்தென்று போவதும், அதே பஸ் கடைசி டிரிப்பில் காலியாக வரும்போது கடைசி சீட்டுக்காரரைத் தூக்கித் தூக்கிப் போடுவதும் இதனால்தான். பாரத்துக்கென்று கட்டிய ஸ்பிரிங், காலியாக ஓடும்போது முரடாகத்தான் இருக்கும். காலியாக ஓடும்போதே இதமாக இருக்கும் மென்மையான ஸ்பிரிங், பாரம் ஏறியதும் மிகவும் அமுங்கும். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிரும், முன்சக்கரத்தின் பிடி குறையும், ஆலியின் விதியும் குலையும். ராம் கம்பெனியே 2014-ல் தன் 2500 டிரக்கைச் சுருளுக்கு மாற்றியபோது, அதைவிட அதிகம் சுமக்கும் 3500-க்குப் பட்டை ஸ்பிரிங்கைத்தான் வைத்துக்கொண்டது. எனக்கு இது எந்த விளம்பரத்தையும்விட நேர்மையான வாக்குமூலமாகப் படுகிறது.

எஞ்சினுக்கும் இதே நியாயம். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே ஒரு பாலைவனச் சாலை, சுமார் 18 கிலோமீட்டர் தூரத்துக்கு மூச்சு விடாமல் ஏறுகிறது. ஏற்றம் ஏறத்தாழ 900 மீட்டர். ஜே2807 என்ற இழுவைத் தரவிதியின்படி, வெளியே வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் ஆவது இருக்கும்போது, ஏசியை முழு அளவில் போட்டுக்கொண்டு, அறிவித்த எடையுள்ள டிரெய்லரை இழுத்தபடி டிரக் இந்த ஏற்றத்தை ஏற வேண்டும். சாதாரண டிரக்கின் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. எதுவும் சூடேறிப் பழுதாகவும் கூடாது. டொயோட்டா 2011 மாடலிலேயே இந்தத் தரவிதியை ஏற்றுக்கொண்டது. ஃபோர்டு உள்ளிட்ட டெட்ராய்ட் கம்பெனிகள் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தன. எஞ்சின் எண்ணெயின் சூடும் கியர்பாக்ஸின் சூடும் இங்கே தீர்ப்புச் சொல்கின்றன. காதுக்குள் இருக்கும் படிகத்துக்கு அந்தச் சூடு தெரியாது. டர்போ எஞ்சின் பாரத்தை இழுக்கும்போது காற்றோடு பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும் என்பதும், 2022-ல் வந்த மின்சார எஃப்-150 லைட்னிங், பெரிய டிரெய்லரைக் கட்டினால் ஒரு சார்ஜில் பாதித் தூரம்தான் போகும் என்பதும் கால்மணி நேர ஓட்டத்தில் வெளியே வருவதில்லை.

கட்சி மாறுவதில் தவறே இல்லை. உடம்பு சொன்னது உண்மைதான்: காலி வண்டியைப் பற்றிய, நல்ல சாலையைப் பற்றிய, முதல் சில கிலோமீட்டரைப் பற்றிய உண்மை. வண்டியைத் தினமும் அப்படியே ஓட்டப் போகிறவர் அதை நம்பித் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். பாரம் ஏற்றப் போகிறவர் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டெக்சாஸுக்கும் திருப்பூருக்கும் இதில் வேறுபாடு கிடையாது. நீங்கள் வாங்கப்போவது குட்டி யானையோ பொலேரோ பிக்கப்போ எதுவாக இருந்தாலும், ஷோரூமில் கொஞ்சம் லோடு ஏற்றி ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். முடியாது என்றால், அதே மாடலில் ஏற்கெனவே லோடு அடித்துக்கொண்டிருக்கும் ஒரு டிரைவரைச் சந்தையில் பிடித்து, சரக்கோடு ஒரு நடை கூடவே போய் வாருங்கள். ஏற்றத்தில் எந்தக் கியருக்கு இறக்குகிறார், இறக்கத்தில் பிரேக்கை எத்தனை தடவை மிதிக்கிறார், ஸ்டியரிங் கையில் லேசாகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகு முன்பணம் கட்டுங்கள்.