கார் செய்த பெருங்களத்தூர்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் போகும் ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூரில் இன்று ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கும் வளாகம் ஒரு காலத்தில் கார் தொழிற்சாலை. பல ஆண்டுகள் இந்தியக் குடும்பங்களுக்குத் தெரிந்த கார்கள் மூன்றுதான். கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. அந்த மூன்றாவது கார் இங்கேதான் உருவானது.

பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் சென்னையின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948-இல் ‘ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’வைத் தொடங்கின. கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி முதலில் வேன்கார்டு கார்கள் வெளியே வந்தன. பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட். 1961-இல் வந்தது ஹெரால்டு.

ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதே ஒரு காட்சி. பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சக்கரங்கள் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும்; மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பிரிட்டனில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள். நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டுமே தயாரானது. மெல்ல மெல்ல வெளிநாட்டுப் பாகங்கள் குறைந்து உள்நாட்டுப் பாகங்களே அதன் உடலாயின. 1970-களின் தொடக்கத்தில் வந்த கேஸல் காரில், நம் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான விதத்தில் பின் அச்சையே மாற்றினார்கள். வெள்ளைக்காரன் காரை அப்படியே நகலெடுத்த ஆலை என்று இதைச் சொல்வது நியாயமில்லை.

1977-க்குப் பிறகு வேன் போன்ற வணிக வாகனங்கள் மட்டுமே. 1985-இல் ரோவர் காரின் அழகான உடலோடு ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உள்ளே இருந்ததோ வேன்கார்டு காலத்து எஞ்சினின் வாரிசு. வேகம் குறைவு, பெட்ரோல் செலவு அதிகம், விலை இரண்டு லட்சத்துக்கு மேல். 1983 டிசம்பரிலேயே மாருதி 800 ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் வந்துவிட்டிருந்தது. 1988-இல் கார் உற்பத்தி நின்றது.

2006-இல் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. மீதமிருந்த ரோவர் உதிரிபாகங்களைப் பிரிட்டன் வியாபாரிகள் வாங்கிக் கப்பலேற்றினார்கள். இரும்புக்கு அங்கே மதிப்பு இருந்தது. உற்பத்தி நின்றதற்கும் ஏலத்துக்கும் இடையே 18 ஆண்டுகள். மூடிக் கிடந்த ஆலைக்குள் கேமராவோடு ஒருவர் போய் ஒவ்வொரு ஷெட்டையும் நிதானமாகப் பதிவு செய்யப் போதுமான காலம் அது.

ஜெர்மனியில் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் தம்பதி 1959 முதல் அதைத்தான் செய்தார்கள். ஊது உலை, தண்ணீர்த் தொட்டி, சுரங்கக் கோபுரம் ஆகியவற்றை மேகமூட்டமான நாளில், நிழல் விழாமல், நேர் முன்னே நின்று படமெடுத்தார்கள். ஒரே வகைக் கட்டுமானங்களின் படங்களை வரிசையாக அடுக்கினார்கள். அதே நாட்டில் ஃபோல்க்லிங்கன் இரும்பாலை 1994-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. தமிழ்நாட்டில் மூடிய ஆலை பெரும்பாலும் சினிமாவில்தான் படமாகியிருக்கிறது. பெரம்பூர் பின்னி மில்லின் வெறிச்சோடிய கட்டடங்களில் எத்தனையோ சண்டைக் காட்சிகளை எடுத்தார்கள். அங்கே நெசவு நெய்தவர்களின் 1918-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கம் அந்தப் படங்களில் இல்லை.

பழைய ஆலையைப் படமெடுப்பதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு. பல ஆலைகளின் கூரை ரம்பப் பல் போலிருக்கும். அதன் கண்ணாடிகளை வடக்கு நோக்கி வைப்பார்கள். நேர் வெயில் இறங்காமல் சீரான வெளிச்சம் மட்டும் வரும். கடைசல் தொழிலாளியின் கண்ணுக்காகச் செய்த ஏற்பாடு கேமராவுக்கும் பொருந்துகிறது. தரையைக் கட்டாயம் எடுக்க வேண்டும். இயந்திரம் போன பின்னும் காங்கிரீட்டில் புதைந்த போல்ட்டுகள் அது நின்ற இடத்தைக் காட்டும். ஷிஃப்ட் நேரம் எழுதிய பலகை, டோக்கன் மாட்டிய ஆணிகள், கேன்டீன் சுவர், சங்கு ஊதிய கூரை எல்லாமே ஆவணங்கள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. துருப்பிடித்த ஏணியையும் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் நம்பவே கூடாது.

தென்சென்னைப் புறநகரில் ஆலை போய்ப் பெயர் மட்டும் தங்குவது உண்டு. சேம்பர்ஸ் என்பவர் நடத்திய குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் குரோம்பேட்டை வந்தது. தினமும் அந்த ஸ்டேஷனில் இறங்குகிற பலருக்குத் தோல் பதனிட்ட கதை தெரியாது. ஸ்டாண்டர்டின் பெயரோ ஊருக்கு ஒட்டவில்லை.

ஸ்டாண்டர்டு ஆலைக்குள் இனிப் படமெடுக்க முடியாது. ஆனால் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வீடுகளில், அங்கே வேலை பார்த்த தாத்தாவின் குரூப் போட்டோவோ ஆயுதபூஜைப் படமோ அடையாள அட்டையோ இருக்கலாம். இருந்தால், படத்தில் இருப்பவர்களின் பெயர், வேலை பார்த்த பிரிவு, ஆண்டு மூன்றையும் வீட்டுப் பெரியவரிடம் இப்போதே கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்.