இலேசான கடல் தூண்டிலுக்கு ஏற்ற கோலும் உருளையும்

சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், காளங்கி ஆற்றின் கரையில் அமைந்த ஊர் சூளூர்பேட்டை. 2022ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்வூருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு ஓர் அணைபோல் நீண்டிருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆழமற்றது; சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவேயாகும். முகத்துவாரங்களின் வழியே கடல்நீரும் கடல்மீனும் அதனுள் வந்து போகின்றன. மடவை, கிழங்கான், கொடுவா, பாறை முதலிய மீன்கள் இங்கு கிடைக்கின்றன. முகத்துவாரத்தைக் கடந்து கடலிற் சென்றால் சீலா, வஞ்சிரம் ஆகியவையும் அகப்படும்.

இப்பகுதி மீனவர்களின் பிழைப்புக்கு வலையே பிரதானம். ஆயினும் கைத்தூண்டிலும் நெடுங்காலமாக வழக்கில் இருந்து வருகிறது. கோலும் உருளையும் இல்லாத இத்தூண்டிலில் மீனவரின் கையே இரண்டின் வேலையையும் செய்கிறது. மீன் இழுக்கும்போது முழங்கை நீண்டு கொடுக்கிறது. விரல்களின் இடுக்கில் நரம்பு நழுவி ஓடுகிறது. மீன் களைத்ததும் கை அதனை மீட்டுக்கொள்கிறது. பழகிய கைக்கு இது எளிது. பழகாதவரின் விரலை ஓடுகின்ற நரம்பு கத்திபோல் அறுத்துவிடும். வளைகின்ற கோலும் தடையுள்ள உருளையும் அந்தப் பழகிய கையின் தொழிலை இயந்திர முறையில் செய்யும் சாதனங்களே. சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டிற்கோலின் உபயோகத்தைப் பற்றி 1873ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார்.

முதலில் நரம்பு

சாதனம் வாங்குவோர் பெரும்பாலும் கோலையே முதலிற் பார்க்கின்றனர். ஆனால் தேர்வு நரம்பிலிருந்து தொடங்க வேண்டும். கோல், உருளை, நரம்பு, முள் ஆகியவை ஒரு சங்கிலியின் கண்ணிகள். அவற்றுள் முதலில் அறுவது நரம்பேயாகும். அதன் வலிமையை நிர்ணயித்த பின்னரே மற்றவற்றை அதற்கு இணங்க அமைத்தல் கூடும்.

மீனவர் தங்கூசி என்றழைக்கும் நைலான் ஒற்றையிழையின் குறுக்களவை இரு மடங்காக்கினால் வலிமை நான்கு மடங்காகும். அதே சமயம் நீரோட்டம் அதன்மீது செலுத்தும் விசையும் ஏறத்தாழ இரு மடங்காகும். தடித்த நரம்பு ஓட்டத்தில் வில்லாக வளைந்து மிதக்கும்; அதை அமிழ்த்தக் கனமான ஈயக்குண்டு வேண்டும்; கனமான குண்டுக்குக் கனமான கோல் வேண்டும். ஆழமற்ற நீரில் இவை யாவும் வீண் சுமை. ஏரியிலும் முகத்துவாரத்திலும் சிறு மீன்களுக்கும் நடுத்தர மீன்களுக்கும் 4 முதல் 6 கிலோகிராம் வரை தாங்கும் நரம்பே போதும். சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் பற்கள் கூர்மையானவை. ஆதலால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய எஃகுக் கம்பியை இணைத்தல் அவசியம்.

நைலான் நன்கு நீளும் தன்மையது. மீனின் திடீர் வெட்டை அது தாங்கிக்கொள்ளும். பாலிஎதிலீன் இழைகளால் பின்னிய நூலோ மெல்லியதாயினும் வலிமை மிக்கது; மிகச் சிறிதளவே நீளும். மீன் இரையைத் தொடுவதை உடனே கைக்கு உணர்த்துவது அதன் நன்மை. அதிர்ச்சி முழுவதையும் கோலுக்கே தள்ளிவிடுவது அதன் குறை. பழகுவோர் நைலானில் தொடங்குதலே நன்று.

கோலின் நீளமும் வளைவும்

கரையிலிருந்து எறிவோருக்கு அலைக்கு அப்பால் இரையைச் செலுத்த நீண்ட கோல் வேண்டும். படகிலோ மீன் இருக்கும் இடத்துக்கு நாமே செல்லுகிறோம். ஆகவே 6 அல்லது 7 அடிக் கோல் போதுமானது.

கோல் ஒரு நெம்புகோல். ஆனால் அதன் அனுகூலம் மீனின் பக்கமே உள்ளது. முன்கையிலிருந்து கோலின் நுனி 180 சென்டிமீட்டர் தொலைவிலும், பின்கை 30 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். நுனியில் செங்குத்தாக 2 கிலோகிராம் இழுப்பு ஏற்பட்டால் பின்கை 12 கிலோகிராம் விசை செலுத்த வேண்டும். முன்பகுதி 120 சென்டிமீட்டராயின் 8 கிலோகிராமே போதும். கோல் வளையும்போது இந்த நெம்புநீளம் குறைந்து கையின் சுமையும் தணிகிறது. நுனி மெலிந்து, நடுவிலிருந்து சீராக வளையும் கோலே இலேசான தூண்டிலுக்கு உகந்தது.

பழங்காலத்தில் கோல்கள் மூங்கிலால் ஆனவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழைக் கோல்களும், 1970களில் கரியிழைக் கோல்களும் வந்தன. கரியிழை இலேசானது, விறைப்பானது. ஆனால் படகின் விளிம்பில் மோதினால் எளிதில் விரிசலுறும். படகின் முரட்டு உபயோகத்துக்குக் கண்ணாடி இழையே நெடுநாள் தாங்கும். வேறோர் எச்சரிக்கையும் உண்டு. கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். இடி முழங்கும் வேளையில், திறந்த நீர்ப்பரப்பில், கோலை நிமிர்த்திப் பிடித்திருத்தல் உயிருக்கே ஆபத்து. கோலைக் கிடத்திவிட்டு உடனே கரை சேர வேண்டும்.

இரு வகை உருளைகள்

உருளைகளுள் இரு வகை பிரதானமானவை. முதல் வகையில் நரம்பைத் தாங்கும் கட்டை எறியும்போது சுழலாது. நரம்பு அதன் விளிம்பிலிருந்து வளையம் வளையமாகக் கழன்று ஓடும். நூற்பாலைத் தொழிலைச் சார்ந்த இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1905ஆம் ஆண்டில் இத்தகைய உருளைக்குக் காப்புரிமை பெற்றார். இலேசான இரையை எறிவதற்கும் புதிதாகப் பழகுவோர்க்கும் இதுவே எளிது.

இரண்டாம் வகையில் கட்டையே சுழலும். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் அது பலமுறை சுற்றும். குண்டைப் படகின் பக்கத்தில் நேராக ஆழத்தில் இறக்கவும், கனமான மீனை மேலேற்றவும் இது சிறந்தது. ஆனால் எறியும்போது கட்டை நரம்பைவிட வேகமாகச் சுழன்றால் சிக்கல் விழும். ஏரியில் முதல் வகையும் கடலில் இரண்டாம் வகையும் பொருந்தும். ஒன்றையே வாங்க இயலுமாயின் முதல் வகையை வாங்கலாம்.

தடையை அமைத்தல்

உருளையின் உயிர்நாடி அதன் தடை. நரம்பு அறும் எல்லைக்கு முன்பே வழுக்கி விட்டுக்கொடுப்பது அதன் தொழில். நரம்பின் வலிமையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தடையை அமைப்பது முறை. 6 கிலோகிராம் நரம்பாயின் ஒன்றரை முதல் 2 கிலோகிராம் ஆகும். நரம்பைக் கோலின் வளையங்களில் கோத்து, நுனியில் சுருள்வில் தராசைக் கட்டி இழுத்து இதனை அளக்கலாம்.

இவ்வளவு இடைவெளி எதற்கு? மீன் ஓட ஓடக் கட்டையில் உள்ள நரம்பு குறைந்து, சுற்றின் ஆரமும் குறைகிறது. ஆரம் 24 மில்லிமீட்டரிலிருந்து 16 மில்லிமீட்டராகக் குறைந்தால், 2 கிலோகிராம் தடை தானாகவே 3 கிலோகிராமாகிவிடும். முடிச்சுகளும் நரம்பின் வலிமையைக் குறைக்கின்றன. கடைசி ஓட்டத்தில் நரம்பு அறுவதற்குப் பெரும்பாலும் இவையே காரணம். அறுந்த நரம்புடனும் வாயில் தைத்த முள்ளுடனும் போகும் மீன் யாருக்கும் பயனற்றது. நைலானோ நீரில் பல்லாண்டுகள் மட்காமல் கிடந்து பறவைகளின் காலையும் சிறகையும் பிணைக்கும். பழவேற்காடு பூநாரைகள் வந்து தங்கும் ஏரி என்பதை மறத்தலாகாது.

பாதுகாப்பு

உப்புநீர் உருளைக்குப் பகை. ஒவ்வொரு நாளும் கரை சேர்ந்ததும் நன்னீரை மெல்ல ஊற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி, தடைத் திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த நைலான் வலுவிழக்கும். அதனை அவ்வப்போது மாற்றிவிடுதல் நலம்.

ஏரியின் ஆந்திரப் பகுதியில் பறவைகள் சரணாலயம் உள்ளது. ராக்கெட் ஏவும் நாட்களில் ஸ்ரீஹரிக்கோட்டையை அடுத்த கடலில் படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது. படகை இறக்கு முன் உள்ளூர் மீனவரிடமும் அதிகாரிகளிடமும் விசாரித்துக்கொள்வது முறையாகும். மெல்லிய நரம்பு, அதற்கிசைந்து வளையும் கோல், அளந்து அமைத்த தடை ஆகிய மூன்றும் ஒத்திருந்தால், குறைந்த செலவில் வாங்கிய சாதனமும் விலை மிக்க சாதனத்தைவிட நன்கு உழைக்கும்.