கொஹாகொட குப்பைமேடும் அயலவர் உடல்நலமும்

கண்டி நகரின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையிலுள்ள கொஹாகொடவில் கொட்டப்பட்டு வந்துள்ளது. மகாவலிக் கரையை அடுத்த சரிவு அது. நீர் கசியாத அடித்தளம் இல்லாமல் திறந்த மேடாகவே வளர்ந்தது. அயலவரின் எதிர்ப்பு பெரும்பாலும் ‘நாற்றம் தாங்க முடியவில்லை’ என்ற முறைப்பாடாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. உடலுக்குக் கேடு செய்பவற்றில் பலவோ மூக்குக்கு எட்டாதவை.

மணக்காத வாயு

காற்றுப் புகாத ஆழத்தில் உணவுக் கழிவு அழுகும்போது மீதேனும் காபனீரொட்சைட்டும் ஏறத்தாழச் சமபங்கில் உண்டாகின்றன. மீதேனுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு தீப்பொறியே வெடிக்கப் போதும். சமையல் எரிவாயுவில் கசிவை உணர்த்தவென்றே மணப்பொருள் சேர்க்கிறார்கள். குப்பைமேட்டுக்கு அந்த உபகாரத்தைச் செய்வார் எவருமில்லை.

அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டினுடையது. சிறிதளவே கண்ணெரிச்சல், தலைவலி, குமட்டல் தரும். பத்து இலட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் மோப்ப உணர்வே மரத்துவிடும். திறந்த வெளியில் அந்த அளவு அரிது. மூடிய குழிக்குள்ளும் வடிகாலுக்குள்ளும் இறங்குவோர்தான் அஞ்ச வேண்டும்.

குப்பை தீப்பற்றினால் பிளாஸ்டிக் புகையோடு நுண்துகளும் டையொக்சின் என்னும் நச்சும் வெளியேறும். மலைகள் சூழ்ந்த கண்டிப் பள்ளத்தில் இரவுக் குளிரில் காற்று தேங்குவதால் புகை எளிதில் கலையாது. ஆஸ்துமா நோயாளர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் அவ்வேளையில் இடம் மாறியிருப்பதே நல்லது. துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது.

கொதித்தாலும் போகாதவை

மழைநீர் குப்பைக்குள் இறங்கி, கருமையான கசிநீராக வெளிவருகிறது. அதில் அமோனியா, நைத்திரேற்று, ஈயம் போன்ற பார உலோகங்கள், கிருமிகள் எல்லாம் இருக்கக்கூடும். கொஹாகொடவைக் கடக்கும் மகாவலி கட்டுகஸ்தோட்டை வழியாகப் பொல்கொல்ல அணைக்குச் செல்கிறது. ஆகவே இது சில வீட்டாரின் பிரச்சினை மட்டுமல்ல.

கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகமும் நைத்திரேற்றும் போகா. நீர் வற்றுவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், சிசுவின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் நீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்க வேண்டும்.

சரியும் மேடு

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தனர். அங்கும் மக்கள் முன்பே எதிர்த்திருந்தார்கள். நிலத்தில் வெடிப்பு, புதிய ஊற்று, சாயும் மரம் ஆகியவை சரிவின் முன்னறிகுறிகள். கண்டதும் விலகிவிட வேண்டும்.

எதிர்ப்புக்கு வலுச்சேர்ப்பவை

சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் மின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அங்கே நீர்ப் பரிசோதனை முடிவுகள் பேசின. கொஹாகொட போன்ற இடங்களிலும் நோய்க்குறி தோன்றிய தேதி, காற்றடித்த திசை, சிகிச்சைத் துண்டு, நீர் அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுக்கலாம். ஏற்கெனவே உள்ள மேடாக அல்லாமல், எரிவாயுக் குழாய், சுத்திகரிப்பு நிலையம் போன்ற புதிய பெருந்திட்டமானால், 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் உண்டு.