இணைப்புப் படமும் அதனைக் காணும் உரிமையும்

பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை எத்துணைப் பெரிதாயிருந்தது என்பதை இன்று நாம் அறிவது பெரும்பாலும் அதனை இடித்தவர்கள் எழுதிவைத்த குறிப்புக்களாலேயாம். ஏறக்குறைய 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உடைய கோணல் நாற்கோணம், மண்ணாலாகிய மதில், அதன் புறத்தே முள்வேலி. 1799-ஆம் ஆண்டில் மேஜர் பானர்மன் கைக்கொண்டபின் அழிந்துபட்ட அக்கோட்டை, 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பி வந்தவுடன் மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சு 31-இல் கும்பினிப் படை தாக்கித் தோல்வியுற்றது. மே 24-இல் கர்னல் அக்னியூ அதனைப் பிடித்தார். பின்னர்க் கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்து, ஊரின் பெயரையும் அரசாங்கக் கணக்கினின்று நீக்கிவிட்டனர் என்று வரலாறு கூறும். இன்று அங்கே காணப்படும் கோட்டை 1974-இல் தமிழ்நாட்டு அரசினர் எழுப்பிய நினைவுச்சின்னம்.

ஓரிடத்தில் வாழ்வோர் ஒருவர், அவ்விடத்தின் படத்தை வைத்திருப்போர் வேறொருவர் என்னும் இந்நிலை பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வலைப்பின்னல்களில் அதுவே இன்று நாள்தோறும் எழும் வினாவாக இருக்கின்றது. வலைப்பின்னலைக் கண்காணிக்கும் மென்பொருளில் அதன் முழு அமைப்பையும் காட்டும் இணைப்புப் படம் ஒன்று உண்டு. அதனை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்டலாகாது என்பதைப்பற்றிச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் அப்படம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறிதல் வேண்டும். இதனை ஒருவரும் தூரிகை கொண்டு வரைவதில்லை. கண்காணிக்கும் மென்பொருள், வலைப்பின்னலிலுள்ள ரூட்டர், ஸ்விட்ச் முதலிய கருவிகளை ஒவ்வொன்றாக அணுகி, 'உன்னோடு இணைந்திருப்போர் யாவர்?' என்று வினவுகின்றது. ஒவ்வொன்றும் தன் அண்டை வீட்டாரை மட்டுமே அறியும். அவ்விடைகளையெல்லாம் கோத்துப் பார்க்குமிடத்து முழுப்படமும் வெளிப்படுகின்றது. இவ்வாறு வினவுவதற்கான பொது மொழி 1988-இல் வகுக்கப்பட்டது, எஸ்.என்.எம்.பி. என்பது அதன் பெயர். கருவிகள் தம்மைத் தம் அண்டைக் கருவிகளுக்குத் தாமே அறிமுகம் செய்துகொள்ளும் எல்.எல்.டி.பி. என்னும் முறை 2005-இல் பொது நியமமாயிற்று. நலமாயுள்ள இணைப்பு பச்சை நிறத்திலும் அறுந்த இணைப்பு சிவப்பு நிறத்திலும் தோன்றுவது பெருவழக்கு.

இனிப் பயன் யாது? பாஞ்சாலங்குறிச்சி இப்பொழுது ஒட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சி. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் பாரத்நெட் பணிக்கென 2018-இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. இத்தகைய ஊராட்சி ஒன்றில் இணைப்பு நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். வருமானச் சான்றோ சாதிச் சான்றோ வேண்டி, காட்டு வேலையை விட்டுவிட்டு ஒருவர் வந்து காத்திருக்கின்றார். அலுவலகத்திலிருப்பவர் அறிவது 'வரவில்லை' என்ற ஒன்றே. பழுது தம் அறையிலுள்ள பெட்டியிலா, ஊரின் மின்சாரத்திலா, வழியிலுள்ள கம்பத்திலா, ஒன்றியத் தலைமையிடத்திலா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருப்பின், 'மாலைக்குள் சரியாகும், இருங்கள்' என்றோ, 'இன்றைக்கு ஆகாது, வீட்டுக்குப் போய் நாளை வாருங்கள்' என்றோ வந்தவரிடம் சொல்லலாம். ஒரு நாட்கூலி மிஞ்சும்.

கரிசல் நிலத்துக்கென்றே ஓர் இடையூறும் உண்டு. இம்மண் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவு பிளந்து விடும். புதைத்த குழாயும் கம்பியும் அவ்வசைவுக்கு ஆளாகின்றன. கம்பத்தின் வழியே செல்லும் கம்பிக்கோ காற்றும் பாரவண்டிகளும் பகை. இன்ன ஊருக்கும் இன்ன ஊருக்கும் நடுவே அறுந்துள்ளது என்பதைப் படம் காட்டும். அங்குள்ள எந்த ஓடைப்பாலத்தருகே நேற்று மண் தோண்டினார்கள் என்பதை அவ்வூரார் அன்றோ அறிவர்? இவ்விரண்டு அறிவும் கூடினால் பழுது விரைவில் நீங்கும். படத்தைத் தொலைதூர நகரத்து அறையொன்றில் பூட்டிவைத்தால் அவை கூடுவதற்கு இடமில்லை.

ஆயினும் பூட்டி வைப்போரின் அச்சம் வீணன்று. எஸ்.என்.எம்.பி.யின் முதற்காலத்தில் கருவிகளை வினவுவதற்குரிய கடவுச்சொல்லாகப் பல உற்பத்தியாளரும் அமைத்து அனுப்பிய சொல் 'பப்ளிக்' என்பது. பொதுமக்கள் என்று பொருள்படும் சொல்லையே பூட்டுக்குச் சாவியாக வைத்த விந்தையை என்னென்பது! அதனை மாற்றாது விட்டவர் எண்ணிலர். பின்னர் வந்த மூன்றாம் பதிப்பில்தான் மறைகுறியாக்கமும், ஒருவர் எப்பகுதியை மட்டும் காணலாம் என்று வரையறுக்கும் ஏற்பாடும் சேர்ந்தன. தீயோன் ஒருவன் உட்புகுந்தால் அவன் முதலில் தேடுவது எது எதனோடு இணைந்துள்ளது என்பதையே. 2015 டிசம்பர் 23-இல் உக்ரேன் தேசத்தில் மின்விநியோக நிலையங்களின் கணினிகளுள் புகுந்தோர், பல மாதம் உள்ளிருந்து அமைப்பைக் கற்றபின், பணியாளரின் கண்ணெதிரேயே திரையிலுள்ள சுட்டியை நகர்த்தி மின்தொடர்புகளைத் துண்டித்தனர். ஏறக்குறைய 2,25,000 நுகர்வோர் இருளில் ஆழ்ந்தனர்.

இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்கின் ஒன்று புலனாகும். அங்கே பெருங்கேடு விளைந்தது, காணும் இடமும் ஆளும் இடமும் ஒரே திரையாயிருந்தமையால். இவ்விரண்டையும் பிரித்து வைப்பதே நல்ல மென்பொருள்களின் முதல் இலக்கணம். லாத்வியா நாட்டில் தோன்றி 2001-இல் வெளிவந்த சாபிக்ஸ் என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு படத்திற்கும் உடையவர் ஒருவர் உண்டு. அவர் அதனைத் தமக்கே வைத்துக்கொள்ளலாம், யாவருக்கும் பொதுவாக்கலாம், குறிப்பிட்ட சிலருக்குக் காணும் உரிமையை மட்டுமோ, திருத்தும் உரிமையையும் சேர்த்தோ வழங்கலாம். இதன்மேல் இரண்டாவதொரு காவலும் உண்டு. படம் பொதுவாயினும், அதிலுள்ள கருவிகளைக் காணும் உரிமை தனியே இல்லாதவர்க்கு அப்படம் திறவாது. புதிதாக இப்பணியில் அமர்ந்தோர் திகைத்து நிற்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். 'படத்தைப் பகிர்ந்துவிட்டேன், அவருக்குத் தெரியவில்லையாமே' என்பர். வீட்டு வாயிலைத் திறந்துவிட்டு உள்ளறைகளைப் பூட்டிவைத்த கதை அது.

நம் நாட்டவர் செய்த மென்பொருளும் உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலைப்பின்னல் மேலாண்மைக்கெனவே தொடங்கி, 2009-இல் ஜோஹோ எனப் பெயர்மாறிய நிறுவனம், 2011 முதல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் பணிசெய்து வருகின்றது. அதன் ஆப்மேனேஜர் என்னும் மென்பொருளில், முழு அதிகாரமுள்ளவர், பார்வையிட மட்டும் உரியவர் எனப் பயனர் வகை பிரிக்கப்பட்டுள்ளது. பின்னவர்க்கு முழு வலையையும் காட்டாது, அவர்க்குரிய பகுதியை மட்டும் ஒரு படமாக அமைத்துத் தரவும் இயலும்.

மறைவும் வெளிப்பாடும்பற்றிய இவ்வழக்கு நிலப்படங்களிலும் நெடுங்காலம் நடந்தது. எல்லையோரமும் கடலோரமுமாகிய பகுதிகளின் விரிவான படங்களை இந்திய நில அளவைத் துறை தடைசெய்து வைத்திருந்தது. 2005-இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புப் படைக்கென ஒரு வரிசையும் மக்களுக்கென ஒரு வரிசையுமாகப் படங்களை இருவகைப்படுத்தியது. ஒரே நிலம், படமோ இரண்டு. 2021 பிப்ரவரி 15-இல் வெளியான நெறிமுறைகள் தடைகளை மேலும் தளர்த்தின. தம் வயலின் புலப்படத்தைக் காணத் தாலுகா அலுவலகத்துக்கு நடந்த உழவர், இன்று கணினியிலேயே அதனைப் பெறுகின்றார்.

வலைப்பின்னலுக்கும் அவ்வாறே இரண்டு படங்கள் வேண்டும் என்பது என் கருத்து. பொறியாளரின் படத்தில் கருவிகளின் முகவரி, வகை, பதிப்பு முதலியன யாவும் இருக்கட்டும். ஊராட்சி அலுவலகத்தாருக்குரிய படத்தில் இவற்றுள் ஒன்றும் வேண்டுவதில்லை. தம் அலுவலகம், அடுத்த ஊர், ஒன்றியத் தலைமையிடம் என மூன்று நான்கு புள்ளிகள், அவற்றின் நடுவே பச்சையோ சிவப்போ ஆகிய கோடு, பழுது எப்பொழுது தெரியவந்தது என்னும் நேரம், இவை போதும். காணும் உரிமை இல்லாத பகுதியை அடியோடு அழித்துவிடாமல், ஒரு மேக வடிவாலேனும் குறித்தல் நன்று. வெற்றிடமாக விட்டால், அங்கே ஒன்றும் இல்லை என்றே பார்ப்பவர் எண்ணிவிடுவர். பழுதோ அங்கேயே இருக்கலாம்.

கல்லூரிகளிலும் இதற்கு இடமுண்டு. கணினி பயிலும் மாணவர் தம் ஆய்வுக்கூடத்தின் படத்தைக் காணுமாறு அமைத்தல் பாடநூலைக்காட்டிலும் பயன் தரும். கணக்கு அலுவலகமும் தேர்வுப் பிரிவும் அதில் வரவேண்டியதில்லை. திருத்தும் உரிமை, பொறுப்புள்ள இருவர் மூவரிடம் நிற்கட்டும். யார் எப்பொழுது எதை மாற்றினார் என்னும் பதிவும் இருக்கட்டும். ஆண்டுதோறும் மார்ச்சு முடிவில், படித்து வெளியேறிய மாணவர், ஓய்வுபெற்றோர், ஒப்பந்தம் முடிந்துபோன பணியாளர் ஆகியோரின் நுழைவுப் பெயர்களை ஒருவர் அமர்ந்து நீக்குதல் வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதைப் படத்தை முதன்முதல் திறந்துவிடும் நாளிலேயே எழுதி வைத்துவிடுதல் நலம்.