கடலோரச் சிற்றூர்களின் ரயில்

ஜப்பான் என்றதும் அம்பாய்ப் பாயும் அதிவேக ரயில்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டின் வடகிழக்கே, இவாத்தே மாகாணக் கரையோரத்தில், ஒன்றிரண்டு பெட்டிகளுடன் நிதானமாக ஓடும் டீசல் வண்டியொன்று உண்டு. அதுதான் சன்ரிக்கு ரயில்வே. தெற்கே சகாரி முதல் வடக்கே குஜி வரை 163 கிலோமீற்றர். முழுத் தூரத்தையும் கடக்க நான்கு மணித்தியாலத்துக்கு மேலாகும். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் வாகனமோட்ட இயலாத முதியவர்களுக்கும் இதுவே துணை.

ரயிலும் சைக்கிளும்

மலைகள் விரல்களைப் போலக் கடலுக்குள் நீண்டிருக்க, இடையிடையே குடாக்கள் அமைந்த கரை இது. ரயில் மலையைச் சுரங்கத்தால் கடந்து, குடா வந்ததும் வெளிச்சத்துக்கு வருகிறது. ஓசாவா பாலத்தில், ஏறக்குறைய 30 மீற்றர் உயரத்திலிருந்து பிரயாணிகள் கடலைக் கண்டு களிக்கவென்றே வண்டியைச் சற்று நிறுத்துவதுண்டு.

ஊர்களை நெருங்கிப் பார்க்கச் சைக்கிள் வேண்டும். ஜப்பானிய ரயில்களில் சைக்கிளை மடித்தோ, சக்கரங்களைக் கழற்றியோ, உறையிலிட்டு எடுத்துச் செல்வது வழக்கம். ஒரு நிலையத்தில் இறங்கி மிதித்து, களைத்தால் அடுத்த நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். ஏற்றங்கள் மூச்சு வாங்கச் செய்யும்.

45ஆம் இலக்கப் பெருந்தெருவில் சில பலகைகள் நிற்கின்றன. சுனாமி நீர் புகுந்த பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அவை சொல்கின்றன. இறக்கத்தில் ஒரு பலகை, மறுபக்க ஏற்றத்தில் ஒரு பலகை. இரண்டுக்கும் நடுவே ஓர் ஊர் இருந்தது. சுரங்கத்தினுள் விரையும் பிரயாணிக்கு இது தெரிவதில்லை.

ஐந்தாம் நாள் வந்த வண்டி

2011 மார்ச் 11இல் கடல் பொங்கியது. ஷிமானோகோஷி நிலையம் பாலத்தோடு அள்ளுண்டு போனது. சுரங்கத்தினுள் நின்றுவிட்ட ஒரு வண்டி தப்பியது. 2004 டிசம்பர் 26இல் பெரேலியவில் ரயிலோடு மக்களைப் பறிகொடுத்த நமக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஐந்தே நாட்களில், மார்ச் 16ஆம் திகதி, குஜிப் பக்கத்தில் சேதமுறாத சிறு துண்டுப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது. கட்டணம் அறவிடப்படவில்லை. உறவுகளைத் தேடியும் உணவு தேடியும் அலைந்தோருக்கு அந்த விசில் சத்தமே பெரும் ஆறுதலாயிற்று. பழைய பாதை முழுவதும் 2014 ஏப்ரலில் சீரானது. 2019 மார்ச்சில் மியாகோவுக்கும் கமாய்ஷிக்கும் இடைப்பட்ட பாதையும் இணைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் சூறாவளி மீண்டும் குலைத்துப் போட, 2020 மார்ச்சில் மறுபடியும் எழுந்தது.

ஒரு தலைவரின் பிடிவாதம்

வழியிலுள்ள ஃபுடாய் கிராமத்தில் அவசியம் இறங்க வேண்டும். 1896, 1933 சுனாமிகளில் அங்கே 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை மறவாத கிராமத் தலைவர் கொத்தோக்கு வாமுரா, 15.5 மீற்றர் உயர வெள்ளக் கதவு வேண்டுமென்று நின்றார். வீண் செலவென்று பலர் குறை கூறினர். 1984இல் கதவு முடிந்தது. அதே ஆண்டில்தான் இந்த ரயிலும் ஓடத் தொடங்கியது. 1997இல் அவர் காலமானார். 2011இல் அலை கதவையும் தாண்டியது. ஆனால் ஊரை எட்டவில்லை. குறை கூறியோரின் பிள்ளைகளும் அன்று உயிர் தப்பினர்.

இலாபம் ஈட்டாத சின்ன ரயில், வீண் என்று பேசப்பட்ட கதவு. இரண்டின் பெறுமதியும் கணக்குப் புத்தகத்தில் தெரியவில்லை. ஆபத்து வந்தபோதுதான் தெரிந்தது.