வயலில் அடிக்கும் மருந்தும் வார்டில் கொடுக்கும் மருந்தும்



நம்ம திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஊர் வேலூர். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில்தான் 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அப்படி மறுவாழ்வு பெற்றவர்களை மிரட்டும் ஒரு பூஞ்சையைப் பற்றியதே இக்கட்டுரை.

அடுத்தவர் உறுப்பை நம் உடம்பு லேசில் ஏற்றுக்கொள்ளாது. அதனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளை அவர்கள் தினமும் சாப்பிட வேண்டும். சிக்கலே இங்கேதான். மண்ணிலும் மக்கிய குப்பையிலும் வளரும் 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ்' என்ற பூஞ்சையின் வித்துகளை நாம் எல்லோருமே தினமும் சுவாசிக்கிறோம். நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர்களுக்கோ அது நுரையீரலில் பரவி உயிருக்கே உலை வைக்கலாம்.

இதற்கு முதலில் கொடுப்பது வோரிகோனசோல் போன்ற 'அசோல்' வகை மருந்து. பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டீரால் என்ற பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதியை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அசோல்தான் சாவி. சாவி நுழைந்தால் தயாரிப்பு நின்றுவிடும். பூஞ்சையின் வளர்ச்சியும் முடங்கும்.

"அட, இதுக்கும் வயலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்கிறீர்களா? நெல்லில் இலையுறைக் கருகலுக்கு அடிக்கிறோமே ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல், அவற்றின் பெயர் எப்படி முடிகிறது பாருங்கள்! அதுவும் அதே சாவிதான். திரும்பத் திரும்ப அடிக்கும்போது, தற்செயலாகப் பூட்டு மாறிப்போன பூஞ்சைகள் மட்டும் தப்பிப் பெருகுகின்றன. ஃபிட்டிங் ஷாப்பில் அரத்தால் ஒரு இழுப்பு கூடுதலாக ராவினாலே ஜாப் பொருந்தாது என்பது நமக்குத் தெரியாதா? 'டி.ஆர்.34/எல்.98எச்' என்ற மரபணு மாற்றத்தில் பூட்டின் வடிவமும் மாறுகிறது, பூட்டுகளின் எண்ணிக்கையும் கூடுகிறது.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமல்ல. டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர், இந்திய நெல் வயல், தேயிலைத் தோட்டம், பூந்தொட்டி மண்ணிலேயே இந்த மாற்றம் பெற்ற பூஞ்சை இருப்பதை 2012-ல் வெளியிட்டார்கள். அசோல் மாத்திரையை ஒருநாளும் தொடாத நோயாளியைக்கூட இது தாக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைப் பட்டியலில் இது முதல் பிரிவிலேயே இருக்கிறது.

அசோல் கைவிட்டால் ஆம்போடெரிசின்-பி ஊசி உண்டு. ஆனால் அது சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது! யாரோ ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த சிறுநீரகத்தை, உயிர் காக்கும் மருந்தே கெடுக்கலாம் என்றால் எவ்வளவு கொடுமை!

விவசாயக் குடும்பத்து நண்பர்களே! நோய் என்னவென்று தெரியாமல் "எதுக்கும் ஒரு தடவை அடிச்சு வைப்போம்" என்று அடிக்காதீர்கள். வேளாண்மை அலுவலரைக் கேட்டு, சொன்ன அளவே அடியுங்கள். உறுப்பு மாற்று செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால், எருக்குழி வேலைக்கும் தூசி கிளம்பும் இடத்துக்கும் அனுப்பாதீர்கள். விடாத இருமலோ காய்ச்சலோ வந்தால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்காமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

சாவி ஒன்றுதான். அதை வயலிலேயே தேய்த்துவிட வேண்டாம்!